தசமம் சமையலறை வாங்கிய கதை

நான் அவனுக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாயும் ஐம்பது காசும் கடன்பட்டிருந்தேன். இருபத்தாறு வருஷம்.

இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்லி, ஏதோ நான் மறைத்தது போல ஆகக் கூடாது. எனக்கு இன்று மூன்று கடை. குழாய், வால்வு, கீல், தாழ்ப்பாள், பிளைவுட் என்று வீட்டுக்கு வேண்டிய எதற்கும் என்னிடம் வரலாம். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். தோளில் இரும்புக் குழாய் சுமந்துதான் ஆரம்பித்தேன். வலது தோள் இன்றும் இடது தோளை விட இரண்டு விரல் இறங்கியே இருக்கும். எனக்குச் சட்டை தைக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். இப்படி வளர்ந்த நான் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை. அவன் ஒருவனைத் தவிர. அதுவும் அவன் குணத்தால் வந்தது.

அவன் என் தங்கச்சி புருஷன். பேர் ஒன்று இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. தசமம் என்றுதான் சொல்வோம். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை. முப்பத்துமூன்று வருஷம் வீடு வீடாகப் போய், குழி மூடியைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, உள்ளே இருக்கிற எண்ணை எழுதிக்கொண்டு வந்தான். அந்த மீட்டரில் முதலில் கறுப்பு எண்கள் இருக்கும், கடைசியில் இரண்டு மூன்று சிவப்பு எண்கள் இருக்கும். பில் போடக் கறுப்பு மட்டும் போதும். மற்றவர்கள் கறுப்பை எழுதிவிட்டு நிழலில் ஒதுங்குவார்கள். இவன் புள்ளி வைத்துச் சிவப்பையும் எழுதுவான். எதற்குடா என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஓடியிருக்கே மச்சான்" என்றான்.

இதுதான் பதில். ஆபீஸில் வைத்த பேர் சும்மா வைத்ததில்லை. வேலையில் இருந்த காலத்தில் அவனை நாலு தரம் நாய் கடித்திருக்கிறது. அவனைக் கேட்டால் மூன்றரை தரம் என்பான். ஒரு நாய் பேன்ட்டை மட்டும்தான் கடித்ததாம்.

மேற்பார்வையாளர் ஆக்குகிறோம் என்று கூப்பிட்டார்கள். போகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், தான் கண்ணால் பார்க்காத மீட்டருக்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டுமாம். நேர்மை என்று என் தங்கச்சி சொல்வாள். பயம் என்று நான் சொல்கிறேன். கையெழுத்துப் போடப் பயப்படுகிறவன் கடைசி வரை குந்தியே காலம் தள்ள வேண்டியதுதான். தள்ளினான்.

கடன் வந்த கதைக்கு வருகிறேன். என் முதல் கடை திறக்க இரண்டு நாள் இருக்கும்போது சரக்குக்காரன் கழுத்தில் கத்தி வைத்தான். முழுப் பணம் வைத்தால்தான் வண்டியிலிருந்து சரக்கு இறங்கும். வெட்கத்தை விட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி எட்டு மாதம் ஆன புது வீடு. தசமம் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தான். எண்ணினான். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. டப்பாவின் மூலையில் ஓர் ஐம்பது காசு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் தட்டி எடுத்துக் கையில் வைத்தான். இருந்ததை எல்லாம் கொடுத்தார் என்று தங்கச்சி இன்றும் கண் கலங்குவாள். இருந்ததை எல்லாம் எண்ணிக் கொடுத்தான் என்பேன் நான்.

ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதைக் கவனிக்க வேண்டும், ஆறே மாதம். புது நோட்டாக ஐயாயிரம்.

"மச்சான், இதுல அறுநூத்தி எண்பத்தேழு அம்பது அதிகமா இருக்கு."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. வட்டின்னு வச்சுக்கோ."

"நான் வட்டிக்காரன் இல்லையே."

"அப்ப மிச்சத்தைக் குடு."

"எங்கிட்டச் சில்லறை இல்ல. நீங்க மாத்திட்டு வாங்க."

கடையில் நாலு பேர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போய் எழுபத்தைந்து கடை ஏறி ஐம்பது காசு மாற்றி வர வேண்டுமா? நோட்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தே ஒரு மனிதனை இருபத்தாறு வருஷம் குத்த முடியும் என்று அவனிடம்தான் தெரிந்துகொண்டேன்.

என் தங்கச்சி நாலடி எட்டு அங்குலம். அவர்கள் வாங்கிய வீட்டில் சமையல் மேடையின் உயரம் மூன்றடி. ஆறடி ஆள் நின்று சமைக்கக் கட்டியது போல இருக்கும். வீடு மாறிய மறுநாளே அவள் ஒரு பலகையை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். அன்றிலிருந்து பலகை மேல்தான் சமையல். அப்படியும் வெங்காயம் நறுக்கும்போது தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி எழும்பி நிற்கும். போன வருஷம் எண்ணெய் சிந்திய பலகை வழுக்கிவிட்டது. இடது மணிக்கட்டு போச்சு. நாற்பத்தைந்து நாள் மாவுக்கட்டு.

அந்த நாற்பத்தைந்து நாளும் தசமம்தான் சமைத்தான். உப்பைக் கரண்டியில் எடுத்து, மேலே விரலை ஓட்டி மட்டம் பார்த்துப் போடுவான். ருசி எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது. அதாவது, ஒரு நாளும் இல்லை.

கட்டுப் பிரித்த டாக்டர், இனி பலகை மேல் ஏறக் கூடாது, இன்னொரு தரம் விழுந்தால் கை சேராது என்று சொல்லிவிட்டார். தசமத்துக்கு அப்போதுதான் ஓய்வுப் பணம் வந்திருந்தது. புது நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் எழுதினான்: சமையலறை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். அடியில் இரண்டு கோடு. மீதிப் பணம் மருந்துக்கும் மாசச் செலவுக்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால் இரண்டு பேரும் கடைசிக் காலத்தில் யார் கையையோ பார்க்க வேண்டும். அது எனக்கும் தெரியும்.

நானாக இருந்தால் ஒரே மாதத்தில் முடித்திருப்பேன். இவன் பதினாலு மாதம் எடுத்துக்கொண்டான், அது வரை அடுப்படி வேலையும் அவனேதான். ஏழு ஷோரூம். தங்கச்சியை நடுவீட்டில் நிற்க வைத்து, கையில் கத்தியைக் கொடுத்து, இல்லாத வெங்காயத்தை நறுக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து தரைக்கு அளவெடுத்தான். செருப்போடு ஒரு தரம், செருப்பில்லாமல் ஒரு தரம். கடைசியில் மேடை முப்பதரை அங்குலம் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தான்.

"முப்பது வச்சுக்கயேன், இல்ல முப்பத்தொண்ணு. அரையில என்னடா இருக்கு?" என்றேன்.

"அரை இஞ்ச் இருக்கு மச்சான்."

தங்கச்சி அவள் பங்குக்குச் சேர்ந்துகொண்டாள். "விடுங்கண்ணே. இவரு அளந்தா நோட்டுக்குள்ள இருக்கும். நீங்க அளந்தா தெருவெல்லாம் கேக்கும்."

அவளுக்கு வாய் எங்கள் வீட்டு வாய்.

எட்டாவது ஷோரூமுக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். ஷோரூம் என்பது யாரும் சமைக்காத சமையலறை. தட்டில் பிளாஸ்டிக் ஆப்பிள், தண்ணீர் வராத குழாய், கறை படாத அடுப்பு. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் மயங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். கழுத்தில் டை கட்டிய ஒருவன் வந்தான். ஒரு கதவைத் திறந்து விட்டான். அது மெதுவாகப் போய்ச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"வெளிநாட்டுக் கீல் சார். சத்தமே வராது."

"எந்த வெளிநாடு தம்பி? ரெண்டாவது தெருவா? போன வாரம் என் கடையிலிருந்து போன சரக்கு இது."

டைக்காரன் சிரித்து மழுப்பினான். தசமம் நோட்டைத் திறந்து கேட்டான்: "மேடை உயரம் குறைச்சுக் குடுப்பீங்களா?"

"ஸ்டாண்டர்ட் முப்பத்துநாலு சார். எல்லாருக்கும் அதான்."

"இவங்க எல்லாரும் இல்லையே."

"சின்னதா ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம் சார். நாங்களே கிஃப்டா குடுத்துடறோம்."

தங்கச்சி வாய்விட்டுச் சிரித்தாள். "பலகை எங்கிட்டயே இருக்குப்பா."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மேசையில் மாதிரிக்கு வெட்டிய பலகைத் துண்டுகள் அடுக்கியிருந்தன. தண்ணீர் படாது, ஊறாது என்று அவன் அடித்துச் சொன்ன துண்டு ஒன்றை எடுத்து, வெட்டிய ஓரம் கீழே இருக்கும்படி அவன் கொடுத்த தண்ணீரிலேயே நிறுத்தினேன். விலைப்பட்டியல் அச்சாகி வந்தது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். இன்றைக்கே எழுதிக்கொண்டால் மூன்று பத்து. அதற்குள் டம்ளரில் இருந்த துண்டு ரொட்டி மாதிரி ஊதிவிட்டது. எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். மரத்தூளை அமுக்கிப் பளபளவென்று தோல் ஒட்டி, டை கட்டி விற்கிறார்கள். படித்த கூட்டம் வரிசையில் நின்று வாங்குகிறது.

"நீ ஒதுங்கு மாப்பிள்ளை. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றேன்.

என்னிடம் கீல் வாங்குகிற ஒருவருக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. சமையலறைப் பெட்டிகள் செய்து பொருத்துகிறவர், பெட்டிக்காரர் என்போம். தண்ணீர் தாங்கும் பிளைவுட், மேலே கருங்கல், கீழே முழுக்க இழுப்பறை, உயரத்தில் எட்டாத அலமாரி ஒன்றும் கிடையாது. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம் என்றார். ஒரு பிற்பகல் முழுக்க அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு லட்சத்து எழுபத்தோராயிரத்து எண்ணூறுக்கு இறக்கினேன். தசமத்துக்கு ஏழு ஜன்மம் ஆனாலும் இது வராது. கோட்டுக்குள் முடித்து மூவாயிரத்து இருநூறு மிச்சமும் பிடித்துக் கொடுத்தவன் நான்.

அளவும் நானே எடுத்தேன். பழைய மேடையை இடித்து எடுத்தாகிவிட்டது. என் டேப்பைத் தரையோடு போட்டுச் சுவருக்குச் சுவர் இழுத்தேன். தொண்ணூற்று நாலு அங்குலம். எழுதிக்கொண்டேன். தசமம் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான்.

"மச்சான், மூணு இடத்துல அளந்து வச்சிருக்கேன். கீழ ஒண்ணு, இடுப்பு கிட்ட ஒண்ணு, மேல ஒண்ணு."

"ஒரு சுவருக்கு ஒரு அளவுதான்டா."

"அது சுவருக்குத் தெரியலையே மச்சான்."

தாளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டை வெளுக்கப் போயிற்று. தாளும் கூடப் போயிற்று.

பத்து நாள் கழித்துப் பெட்டிகள் வந்தன. பொருத்துகிற ஆள் இரண்டு பேர் ஒவ்வொன்றாக வரிசையில் தள்ளினார்கள். முதல் மூன்றும் வெண்ணெய் மாதிரி நகர்ந்து உட்கார்ந்தன. கடைசி, மூலைப் பெட்டி, இழுப்பறை மூன்றும் உள்ளது. அது பாதி போய் நின்றுவிட்டது. தட்டினார்கள். முட்டினார்கள். ஒருவன் மேலே ஏறி எட்டிப் பார்த்தான்.

"இடிக்குதுங்க. சுவரு மேல வர வர உள்ள சாஞ்சிருக்கு. கீழ சரியா இருக்கு, இங்க அரை இஞ்ச் பத்தாது."

அரை அங்குலம். நான் தசமத்தைப் பார்க்கவில்லை.

"சுவரைக் கொஞ்சம் கொத்திட்டாப் போச்சு" என்றேன்.

"கொத்தாதீங்க" என்றான் தசமம். "உள்ள குழாய் போகுது. தரையிலேருந்து பதினேழே கால் இஞ்ச்ல."

பெட்டிக்காரர் வந்தார். தாடையைச் சொறிந்தார். "கடைசிப் பெட்டியைப் புதுசாத்தான் செய்யணும். ஏழாயிரத்தி இருநூறு ஆகும். அளவு அண்ணன் குடுத்ததுதான். எம்மேல தப்பு இல்ல." என்னிடம் தினம் கீல் வாங்கிக் கும்பிடு போடுகிற ஆள், வேலையாட்கள் எதிரில் இதைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

"நான் குடுக்கறேன், செய்யுங்க" என்றேன்.

"வேண்டாம் மச்சான். வீடு என்னோடது."

"தப்பு என்னோடதுடா!"

இருபத்தாறு வருஷ வியாபாரத்தில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் பத்து வருஷம் வைத்துச் சாப்பிட்டிருப்பேன். இவனுக்கு அதை அனுபவிக்கக்கூடத் தெரியவில்லை. நோட்டைத் திறந்து குனிந்து கணக்குப் பார்த்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மிச்சம் பிடித்துக் கொடுத்த மூவாயிரத்து இருநூறுக்கு நேரே எழுதி வைத்திருந்தான்: மச்சான் அளவுக்காக.

"என்னடா இது?"

"நாலாயிரம் குறையுது மச்சான். நீங்க சுமாரா ரெண்டு மூணாயிரத்துக்குள்ளதான் தப்பு விடுவீங்கன்னு நெனச்சேன்."

சுமாரா. அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் என்னைக் கணக்குப் போடத்தான் எடுத்தான்.

ஆனாலும் பணம் வாங்க மாட்டேன் என்றான். கோட்டையும் தாண்ட மாட்டேன் என்றான். பெட்டியை இரண்டு மாதம் கழித்து, பென்ஷனில் மிச்சம் பிடித்துச் செய்துகொள்ளலாமாம். நான் கத்தினேன். அவன் தலையை ஆட்டினான். பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்கட்டிலிருந்து தங்கச்சி வந்தாள். பழைய மேடையை இடித்த நாளிலிருந்து அவள் அங்கேதான், தரையில் ஓர் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது உடைந்த கையை ஊன்ற முடியாமல் ஒரு கையால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள்.

"ரெண்டு பேரும் முடிச்சாச்சா? நான் பத்து நாளா தரையில உக்காந்து எந்திரிக்கிறேன். இன்னும் ரெண்டு மாசம் உக்காரணுமா? இல்ல, திரும்பப் பலகையைப் போடவா?"

நாங்கள் இரண்டு பேரும் மூலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, நாலாயிரத்தி முந்நூத்திப் பன்னெண்டு அம்பதைக் குடுங்க. அது உங்க பணமும் இல்ல, இவரு வாங்கற கடனும் இல்ல. இவரு பணம். பெட்டிக்கு அதுல குடுக்கட்டும்."

தசமம் யோசித்தான். பென்சிலால் ஏதோ கழித்துப் பார்த்தான். "அப்ப சரி" என்றான்.

"அப்ப அஞ்சாயிரமா வாங்கிட்டு..."

"அண்ணே!"

ஐயாயிரத்தை அதோடு விட்டேன்.

"பெட்டி பொருந்தின பிறகு பணம் தந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்காரர் போனார். அளவை இந்தத் தடவை தசமத்திடம் வாங்கிக்கொண்டு போனார்.

நோட்டுக்கு எனக்கென்ன பஞ்சம்? ஐம்பது காசுக்குத்தான் நாய் படாத பாடு பட்டேன். மூன்று கடைக் கல்லாவையும் கவிழ்த்தேன். ஐம்பது காசை யார் இப்போது வைத்திருக்கிறார்கள்? என் கணக்கர் என் முகத்தைப் பார்த்தே சிரித்தார். பக்கத்துக் கடைக்காரன், "அண்ணனுக்குப் பிச்சை எடுக்கற நிலைமை வந்துடுச்சா?" என்றான். ஓர் அரைக் காசுக்காக என்னைத் தெருத்தெருவாக அலைய விட்டவன் அவன் ஒருவன்தான்.

கடைசியில் கிடைத்தது, என் முதல் கடையில், நான் தினம் உட்கார்கிற மேசைக்கு அடியில். கடை திறந்த வாரம் அந்த மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்து ஆடிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்ட ஒரு காசைக் காலுக்கு அடியில் சொருகினேன். அப்புறம் ஆடவில்லை, நானும் மறந்துவிட்டேன். அந்த வாரம் என் கையில் எத்தனை ஐம்பது காசு இருந்தது என்று கேட்காதீர்கள். நெம்பி எடுத்தேன். கறுத்துப் போயிருந்தது. மேசை இப்போது மறுபடியும் ஆடுகிறது.

ஒன்பதாம் நாள் புதுப் பெட்டி வந்தது. தள்ளினார்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடம் விட்டு உட்கார்ந்தது. தசமம் வேலையாட்களை நகரச் சொல்லிவிட்டுத் தானே குந்தி, மீட்டர் பார்க்கிற மாதிரி கன்னத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொரு பெட்டியின் காலையும் திருகித் திருகி உயரம் வைத்தான். ஒரு மணி நேரம். பெட்டிக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நானும் உதட்டைப் பிதுக்கினேன். பிறகு கல்லை ஏற்றினார்கள். டேப்பை வைத்துப் பார்த்தேன். முப்பதரை. எந்த மூலையில் வைத்தாலும் முப்பதரை.

தங்கச்சி வந்து வெறும் தரையில் நின்றாள். ஒரு வெங்காயத்தை வைத்து நறுக்கினாள். பாதியில் நிறுத்தி, தன் தோளைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மீதியையும் நறுக்கினாள்.

"அண்ணே, தோள் எழும்பவே இல்ல" என்றாள்.

பெட்டிக்காரர் காத்துக்கொண்டிருந்தார், வேலை முடிந்தால் கணக்கு முடிய வேண்டும்.

"கையை நீட்டுடா" என்றேன் தசமத்திடம்.

நீட்டினான். குழி மூடி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. நூறு நூறாக வைத்தேன். நாற்பத்துமூன்று நோட்டு. அவனும் உதட்டுக்குள் கூடவே எண்ணினான். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே எண்ணினாள், வெங்காயமாக இருக்கும். அதன் மேல் ஒரு பத்து. அதன் மேல் இரண்டு ஒற்றை ரூபாய்க் காசு. பெட்டிக்காரர் சிரித்துவிட்டார். தசமம் சிரிக்கவில்லை. கையை மூடவும் இல்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னும் விரித்தே வைத்திருந்தான். எப்பேர்ப்பட்ட பிறவி. மடியிலிருந்து அந்தக் கறுத்த ஐம்பது காசை எடுத்து, வேட்டியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, அவன் உள்ளங்கையின் நடுவில் வைத்தேன்.